கைக்குட்டையில் முடிந்த பஸ் காசு

அதிகாலை மூன்றரை மணிக்கு ஹல்துமுல்லைச் சந்தியில் ஐந்து பிள்ளைகளோடு நின்றேன். பெரகலைப் பக்கமிருந்து இறங்கிவரும் கொழும்பு பஸ்ஸை விட்டால், நகரத்தில் ஒன்பதரைக்குத் தொடங்கும் சதுரங்கப் போட்டியின் முதல் சுற்றுக்குப் போய்ச் சேர முடியாது. ஒரு மாணவனின் அம்மா டோர்ச் வெளிச்சத்தில் லயத்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரொட்டியும் சம்பலும் கட்டிய பார்சலை அவன் கையில் கொடுத்தார். திரும்பி வரும் பஸ் காசைக் கைக்குட்டையில் முடிந்து காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மூத்த மகள் அதில்தான் பேசுவாள் என்பதால் அதைத் தானே வைத்துக்கொண்டார்.

அவனுக்குப் பதின்மூன்று வயது. பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

அந்த நகரத்துப் போட்டியில் தம்பி முதல் இரண்டு சுற்றிலும் வென்றான். மூன்றாவது சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் சர்வதேச ரேட்டிங் உள்ளவர், இவனை விட நான்கு வயது மூத்தவர். தம்பிக்குக் கறுப்புக் காய். ஆட்டத்தின் நடுவில் மந்திரியைக் கொடுத்து, எதிரியின் அரசனுக்கு முன்னால் நின்ற சிப்பாயை வெட்டினான். அரசன் வெளியே வந்து மந்திரியை எடுத்தது. குதிரை பாய்ந்தது, பின்னாலேயே ராணி வந்தது. பன்னிரண்டு நகர்வுகளில் ஆட்டம் முடிந்துவிட்டது.

இந்த உத்தி நானூறு வருடம் பழையது. இத்தாலியரான கிரேக்கோ 1620 வாக்கில் எழுதிவைத்த கையேடுகளிலேயே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பாடசாலை விட்ட பிறகு, கரும்பலகையில் கட்டம் கீறி நான்தான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் மண்டபத்தில் பேச்சு வேறுவிதமாகப் போனது. தோற்ற பிள்ளையின் பெற்றோர் நடுவரிடம் போனார்கள். ஆட்டத்தின்போது இவன் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போனானாம், அங்கே போனில் பார்த்திருப்பானாம். பக்கத்தில் நின்ற ஒருவர், "தோட்டத்துப் பையனுக்கு இப்படி ஒரு நகர்வு எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். எனக்குக் கேட்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டது.

நடுவர் தம்பியை மண்டபத்தின் நடுவில் நிறுத்தினார். பைகளை வெளியே இழுக்கச் சொன்னார், சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். ஐம்பது அறுபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தான். பஸ் காசு, ஒரு பேனை, பாதி தேய்ந்த அழிறப்பர், அவ்வளவுதான். தோற்றவரின் பையை யாரும் பார்க்கவில்லை. "சரி, போ" என்றார் நடுவர். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நான்காவது சுற்றில் தம்பி பத்தொன்பது நகர்வில் தோற்றான்.

சர்வதேச சதுரங்கச் சம்மேளனமான பிடேயின் விதிகள் தெளிவானவை. ஆட்டக்காரரின் உடையையோ பையையோ சோதிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சோதனை தனியிடத்தில் நடக்கவேண்டும், சோதிப்பவர் அதே பாலினத்தவராக இருக்கவேண்டும். அடிப்படையே இல்லாமல் ஒருவர்மேல் குற்றம் சாட்டுவதும் ஒரு குற்றம் என்று நேர்மை விதிகள் சொல்கின்றன. அன்று அந்த மண்டபத்தில் விதி மீறப்பட்டது உண்மை. மீறியவன் தம்பி அல்ல.

ஏமாற்று இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2006 டிசம்பரில் டெல்லிப் போட்டி ஒன்றில் உமாகாந்த் சர்மா என்பவரின் தொப்பிக்குள் புளூடூத் கருவி தைக்கப்பட்டிருந்தது. இந்தியச் சம்மேளனம் அவரைப் பத்து வருடம் தடை செய்தது. 2015இல் அதே டெல்லியில் துருவ் கக்கர் என்ற இளைஞர் இரண்டு போன்களைக் காலில் கட்டிக்கொண்டும், காதுக்குள் சிறிய ஒலிக்கருவியை வைத்துக்கொண்டும் கிராண்ட்மாஸ்டர் பிரவீன் திப்சேயை வென்றார். இலகுவான நகர்வுக்கும் கடினமான நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்ததுதான் திப்சேயைச் சந்தேகிக்க வைத்தது. மனிதர் அப்படி ஆடுவதில்லை. வேறு வழியில்லாமல் ஒரு காயை வெட்டும் இடத்தில் நாம் யோசிப்பதில்லை, சிக்கலான இடத்தில் வியர்த்துப்போகிறோம்.

2021 ஜூனில் கொரோனா நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பிரபலங்களோடு இணையத்தில் ஆடினார். அதில் ஆனந்தை வென்ற தொழிலதிபர் நிகில் காமத், கணினியின் உதவியையும் மற்றவர்களின் உதவியையும் பெற்றதை மறுநாளே ஒப்புக்கொண்டார். எங்கள் ஆனந்தையே ஏமாற்றப் பார்த்தார்களே என்று அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

என் சொந்த வகுப்பிலும் நடந்தது. ஊரடங்குக் காலத்தில் சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறி பிள்ளைகள் இணையத்தில் ஆடினார்கள். ஒரு மாணவியின் ஆட்டம் திடீரென்று பிழையே இல்லாமல் போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பாடசாலை திறந்ததும் பலகையை வைத்து, "இந்த இடத்தில் ஏன் யானையை இங்கே வைத்தாய், சொல்லு பிள்ளை" என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. அழுதாள். அக்காவின் போனில் நகர்வு சொல்லும் என்ஜின் செயலியைத் திறந்து பார்த்தேன் டீச்சர் என்றாள். ஒரு தவணை போட்டிகளுக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன். காரணம் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவள் இன்றும் ஆடுகிறாள்.

தம்பியிடம் அந்த நடுவர் கேட்டிருக்க வேண்டியது இந்த ஒரு கேள்வியைத்தான். என்ஜினைப் பார்த்து ஆடியவருக்கு நகர்வு தெரியும், காரணம் தெரியாது. தம்பியிடம் கேட்டிருந்தால், குதிரை எங்கே போகும், ராணி எந்தக் கட்டத்துக்கு வரும், எதிரி வேறு மாதிரி ஆடியிருந்தால் தான் என்ன செய்திருப்பான் என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பான்.

சந்தேகம் பெரியவர்கள்மேலும் விழுகிறது. 2022 செப்டெம்பரில் அமெரிக்காவின் சென்ட் லூயிசில், அப்போதைய உலக சாம்பியன் மெக்னஸ் கார்ல்சன் பத்தொன்பது வயது ஹான்ஸ் நீமனிடம் தோற்று, மறுநாள் போட்டியை விட்டே வெளியேறினார். சிறு வயதில் இணையத்தில் ஏமாற்றியதை நீமன் ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்று பலகையில் ஏமாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சரியான காரணமின்றி விலகியதற்காக 2023 டிசம்பரில் கார்ல்சனுக்கு பிடே 10,000 யூரோ அபராதம் விதித்தது. நீமன் 10 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டார், பிறகு சமரசமானார்கள். முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கியின் இணைய ஆட்டங்களைப் பற்றி நீண்ட நாள் பகிரங்கமாகச் சந்தேகம் எழுப்பிவந்தார். நரோடிட்ஸ்கி அதை மறுத்தபடியே இருந்தார். 2025 ஒக்டோபரில் இருபத்தொன்பது வயதில் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று என்னால் வகுப்பு எடுக்க முடியவில்லை. ஒரு மனிதரின் மரணத்துக்குக் காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தன் நேர்மையைத் திரும்பத் திரும்ப நிரூபிக்கச் சொல்வது எவ்வளவு பெரிய பாரம் என்பதை ஒரு பதின்மூன்று வயது முகத்தில் பார்த்திருக்கிறேன்.

நீமனுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். தம்பியின் அம்மா கொழுந்து பறிக்கிறவர். 2024இல் கூட்டியபோது அவருடைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மகனைப் போட்டிக்கு அனுப்ப இரண்டு நாள் சம்பளம் போகிறது. ரேட்டிங் உள்ள நகரத்துப் பிள்ளை அதே மந்திரியைக் கொடுத்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். எங்கள் பிள்ளை கொடுத்ததும் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். சந்தேகம் நகர்வின்மேல் விழவில்லை, எங்கிருந்து வந்தான் என்பதன்மேல் விழுந்தது. இதைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஊவா மாகாணத்தில் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். உலோகம் கண்டறியும் கருவி வாங்க நம்மிடம் பணம் இல்லை, தேவையுமில்லை. வாசலில் ஒரு மேசை போடுங்கள். உள்ளே வரும் எல்லாருடைய போனையும், பெற்றோர், பயிற்றுநர், நடுவர் உட்பட, இலக்கமிட்ட பைகளில் வாங்கி வையுங்கள். யாருக்காவது சந்தேகம் வந்தால் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கட்டும். எழுதச் சொன்னாலே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். சோதிக்கவேண்டி வந்தால் தனி அறையில், பிள்ளையின் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, இரண்டு ஆட்டக்காரரையும் சோதியுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், எத்தனை பேர் முன்னால் கூப்பிட்டீர்களோ அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லுங்கள். எங்கள் பாடசாலையில் இந்த வருடம் நடந்த சிறிய போட்டியில் இப்படித்தான் செய்தோம். பழைய சீருடைத் துணியில் பிள்ளைகளே பைகளைத் தைத்தார்கள். முதல் பைக்குள் போனது என் போன்.

தம்பி ஆடுவதை விடவில்லை. அதற்குப் பிறகு மூன்று போட்டிகளுக்கு வந்துவிட்டான். அந்த மூன்றிலும் ஆட்டம் நடக்கும்போது ஒரு தடவைகூட அவன் கழிப்பறைக்குப் போகவில்லை. போட்டி நாளில் விடிந்ததிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறான் என்று அவனுடைய அம்மா போன வாரம்தான் என்னிடம் சொன்னார்.