அளவைக் குறியீடுகளும் தமிழ் எழுத்துமுறையும்: தரவுப் பரிமாற்ற வேகத்தை முன்வைத்து

முன்னுரை

வேலூர் வட்டாரத் தோல் தொழில், பல அளவை முறைகள் ஒருங்கே வழங்கும் களம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிட்ட மேல்தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. அதன் கனம் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. காலணியின் அடிப்பாகத்திற்குரிய கெட்டித் தோல் எடைக் கணக்கில் விற்கப்படுகிறது. மெட்ரிக் முறைக்கு வழிவகுத்த அளவைச் சட்டம் 1956இல் இயற்றப்பட்ட பின்னும் சதுர அடி வழக்கொழியவில்லை. ஆதலின் ஓர் அளவையை மற்றோர் அளவைக்கு மாற்றுதல் இங்கு அன்றாடச் செயல். கணினித் துறையிலும் பழைய வன்தட்டு இணைப்புகளின் வேகத்தை இன்றைய அலகுகளுக்கு மாற்றும் தேவை எழுகிறது. அவ்வாறு மாற்றித் தமிழில் எழுதும்போது, கணக்குச் சரியாக இருந்தும் பொருள் பிழைபடுவது உண்டு. அப்பிழைக்குத் தமிழ் எழுத்துமுறையின் இயல்பைக் கருதாமல் ஆங்கிலச் சுருக்கங்களை ஒலிபெயர்ப்பதே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அளக்கப்படும் பொருள்

ஓர் அடி என்பது 0.3048 மீட்டர் என 1959இல் வரையறுக்கப்பட்டது. அதன்படி ஒரு சதுர அடி ஏறத்தாழ 9.29 சதுர டெசிமீட்டர். இரண்டும் ஒரே பரப்பையே அளப்பதால் பெருக்கினால் போதும். காலணி அளவு அத்தகையதன்று. பாரிஸ் புள்ளி எனப்படும் ஐரோப்பிய அளவில் ஒரு புள்ளி, செ.மீ.இல் மூன்றில் இரண்டு பங்கு. 42 என்னும் எண் 28 செ.மீ. நீளத்தைச் சுட்டும். ஆனால் அது லாஸ்ட் எனப்படும் அச்சின் நீளம். மாண்டோபாயிண்ட் முறையோ பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. அச்சு பாதத்தைவிடச் சற்று நீண்டிருக்கும். எனவே 42ஐப் பெருக்கி 280 மில்லிமீட்டர்ப் பாதம் என்று எழுதினால், கணக்குப் பிழையாகாவிடினும் செருப்பு காலுக்குப் பொருந்தாது.

தரவு வேகத்திலும் இவ்வேறுபாடு உண்டு. 1986இல் தரப்படுத்தப்பட்ட ஸ்கஸி இணைப்பு, 8 பிட்டுகளை ஒருங்கே, நொடிக்கு 50 இலட்சம் முறை வரை அனுப்பியது. அது நொடிக்கு 5 மெகாபைட். எட்டால் பெருக்க 40 மெகாபிட். பின்னர் வந்த சாட்டா இணைப்பின் முதல் தலைமுறை வேகம் நொடிக்கு 1.5 ஜிகாபிட். இதனை எட்டால் வகுத்தால் 187.5 மெகாபைட் கிடைக்கும். உண்மை வரம்போ 150 மெகாபைட். கம்பியில் ஒவ்வொரு பைட்டும் 10 பிட்டுகளாகக் குறியாக்கப்பட்டுச் செல்வதே காரணம். முன்னது கம்பியில் ஓடும் பிட்டுகளின் வேகம். பின்னது பயனர் பெறும் தரவின் வேகம்.

எழுத்துமுறைச் சிக்கல்

உரோமன் எழுத்தில் பெரிய 'பி' பைட்டையும் சிறிய 'பி' பிட்டையும் குறிக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆதலால் 'எம்பி' என்று எழுதும்போது மெகாபிட்டும் மெகாபைட்டும் ஒன்றாகிவிடுகின்றன. எட்டு மடங்கு வேறுபாடு மறைந்துபோகிறது. யூஎஸ்பி 2.0 இணைப்பின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது மிகுதியாக 60 மெகாபைட். 120 ஜிகாபைட் அளவுள்ள காலணி வடிவமைப்புக் கோப்புகளை அதன்வழிப் படியெடுக்கக் குறைந்தது 2,000 நொடிகள் வேண்டும். '480 எம்பி' என்று படித்தவர் 250 நொடிகளில் முடியுமென எதிர்பார்ப்பார்.

உரோமன் குறியீட்டை அப்படியே இடுவது தீர்வாகும் எனலாம். அட்டவணைகளுக்கு அது பொருந்தும். வகுப்பறையில் வாய்மொழியாகச் சொல்லும்போதும், கேட்டு எழுதும்போதும் எழுத்தின் அளவு புலப்படாது.

ஒரு சொல், இரு அளவு

அளவைச் சொல்லின் பொருள் மாறுவது தமிழுக்குப் புதிதன்று. 24 நிமிடம் கொண்ட நாழிகையில் 60 விநாடிகள் உண்டு. அப்பழைய விநாடி இன்றைய 24 நொடிகளுக்குச் சமம். இன்றோ 'வினாடி' நொடியையே சுட்டுகிறது. 'கிலோ'வும் அவ்வாறே சில இடங்களில் 1,000ஐயும் சில இடங்களில் 1,024ஐயும் குறித்தது. இக்குழப்பம் நீங்கவே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் கிபி, மெபி முதலிய முன்னொட்டுகளை ஏற்றது. நொடிக்கு 150 மெகாபைட் என்பது ஏறத்தாழ 143 மெபிபைட்.

முடிவுரை

தமிழ்ப் பாடநூல்களும் கலைச்சொல் தொகுப்புகளும் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, மெகாபிட், மெகாபைட் என அலகின் பெயரை முழுமையாக எழுதுதல். இரண்டாவது, கம்பிவழி வேகம், பயன் வேகம் என அளக்கப்படுவதைச் சுட்டுதல். மூன்றாவது, 1,024இன் மடங்குகளுக்குக் கிபிபைட், மெபிபைட் என்னும் பெயர்களையே ஆளுதல், கி.பி. என்னும் ஆண்டுச் சுருக்கத்தோடு மயங்குமாதலால் அவற்றையும் சுருக்காதிருத்தல் நன்று. இவற்றால் சில எழுத்துகள் கூடும். ஆயினும் தமிழ்வழிப் பயிலும் மாணவர், ஆங்கில நூலைப் புரட்டாமலே சரியான விடையை அடைவர்.