மதுரைவீரன் இறங்கி வந்தால்

1962-ல் மார்வெல் காமிக்ஸில் தோர் முதன்முதலாக வந்தபோது, அந்த இடிக் கடவுள் டொனால்ட் பிளேக் என்ற கால் ஊனமுற்ற டாக்டராக நடமாடினார். கைத்தடியைத் தட்டினால் கடவுள். மற்ற நேரத்தில் மனிதர். செருக்கு அடங்கட்டும் என்று தந்தை ஓடின்தான் அவரைச் சாதாரண வாழ்க்கைக்கு அனுப்பினார் என்று கதை பின்னால் விளக்கியது.

நம் சாமிகள் பலர் வந்த வழி வேறு. மனிதர்களாக வாழ்ந்து, கொல்லப்பட்டு, பிறகு சாமியானவர்கள். மதுரைவீரன் அருந்ததியர் தம்பதியிடம் வளர்ந்தான், பொம்மியைக் காதலித்து மணந்தான், திருமலை நாயக்கரின் மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான் என்கிறது கதை.

தோழர்களே, அந்த வீரன் தோரைப் போல மேகமலை அடிவாரத்தில் இறங்கி, வாடகைக்கு வீடு தேடினால் என்ன நடக்கும்? வாளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். "தம்பி, நீங்க என்ன ஆளுக?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சூப்பர் ஹீரோக்கள் எதிரிகளுக்குப் பயந்து அடையாளத்தை மறைக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஒரு வீட்டுக்காக, ஒரு வேலைக்காக மறைக்கிறார்கள். அதற்கு முகமூடி வேண்டாம். தெருப்பெயரை மாற்றிச் சொன்னால் போதும்.

வீரனுக்கும் இப்படி ஒரு முகமூடி மாட்டப்பட்டிருக்கிறது. அவன் காசிராஜன் மகன், காட்டில் விடப்பட்ட குழந்தை என்கிறார்கள். எம்.ஜி.ஆர். நடித்த 1956 திரைப்படமும் அரச பிறப்பையே சொன்னது. சேரியில் பிறந்தவன் வீரனாக இருக்க முடியாது என்று நினைத்தவர்கள் ஒட்டவைத்த பிறப்பு அது என்றே நாம் வாசிக்கிறோம். கும்பிட வீரன் வேண்டும், அவன் சாதி வேண்டாம் என்றால் அது என்ன பக்தி?

ஆகவே நம் வீரனை நாமே வரைய வேண்டும். மேகமலையோடு சேர்ந்து 2021-ல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில்தான் சிவகாசி. அங்கிருந்துதான் 1972-ல் முத்து காமிக்ஸ் புறப்பட்டது. அம்பேத்கரின் வாழ்க்கையை பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்த 'பீமாயணா' 2011-ல் வந்தது. தண்ணீர், தங்குமிடம், பயணம் என்ற அன்றாடத் தேவைகளில் அவர் பட்ட அவமானங்களே அந்தப் புத்தகம்.

உங்கள் தெருச்சாமியின் கதையைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். யார் கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள். வரையும்போது அவனை அரண்மனைத் தொட்டிலில் போடாதீர்கள். சின்னான், செல்லி வீட்டிலேயே பிறக்கட்டும்.