செயலி செய்வோர் முதலில் திறக்க வேண்டிய சாளரம்



மாணவர்களைக் கொண்டு கலப்பு மெய்ம்மைச் செயலி ஒன்றைச் செய்து பார்க்க விழையும் ஆசிரியர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "யூனிட்டி மென்பொருளின் பில்ட் செட்டிங்ஸ் சாளரத்தில் எவற்றைத் தெரிவு செய்ய வேண்டும்? ஒரு பட்டியல் தாருங்கள்." பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. காரணம் அறியாமல் அவற்றைப் பின்பற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கலப்பு மெய்ம்மையில், ஹெட்செட் எனும் தலையணிக் கருவியை மாட்டிக்கொண்ட மாணவன் தன் வகுப்பறையையே காண்கிறான். அவ்வகுப்பறை மேசையின் மீது கணினி வரைந்த எரிமலையும் நிற்கிறது. அந்த எரிமலை எந்தக் கருவியில், எந்தச் சில்லில், எந்த வேகத்தில் தோன்றும் என்பதை முடிவு செய்வது மேற்கண்ட சாளரமும் அதனோடு இணைந்த அமைவுகளுமே.

பட்டியலை நான் ஏன் ஐயுறுகிறேன்? மைக்ரோசாப்ட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட முதல் ஹோலோலென்ஸ், இண்டெல் சில்லில் இயங்கியது. அதற்கு 32 பிட் எக்ஸ்86 எனத் தெரிவு செய்ய வேண்டும். 2019இல் வந்த ஹோலோலென்ஸ் 2, குவால்காம் சில்லுக்கு மாறியது, அதற்கு ஏ.ஆர்.எம்.64. மூன்றே ஆண்டுகளில் பட்டியல் பழையதாகிவிட்டது. 2024இல் ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தியும் நின்றது. அதே ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி நீக்கப்பட்டது. அதனை மட்டுமே நம்பிய தலையணிகள் அப்பதிப்பில் பயனற்றுப் போயின.

ஆகவே, ஆறாம் ஆண்டு மாணவர் செய்த செயலி, அவர்கள் படிவம் மூன்றில் பயிலும்போதும் திறக்க வேண்டும் என்று விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது ஓப்பன் எக்ஸ்.ஆர். என்னும் தெரிவையே. குரோனோஸ் குழுமம் 2019இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் பொதுவான தரநிலை இது. ஒரு நிறுவனத்துக்கே உரிய செருகுநிரலின் மீது கட்டினால், கருவி மாறும்போது நிரலையே திருத்த நேரிடும். இதன் மீது கட்டினால் பெரும்பகுதி அப்படியே நிற்கும். முழுவதும் நிற்கும் என்று கூற மாட்டேன். அறையைக் காட்டும் ஒளிப்படக்கருவி வசதி போன்றவை இன்னும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. ஆப்பிளின் விஷன் புரோ தனி வழியில் செல்கிறது.

பள்ளி வாங்கக்கூடிய விலையில் உள்ளவை மெட்டா குவெஸ்ட் 3, 3எஸ் போன்றவை. இவை ஆண்டிராய்டு அடிப்படையில் இயங்குவதால் தளம் ஆண்டிராய்டு, சில்லுவகை ஏ.ஆர்.எம்.64. இதனைத் தெரிவு செய்ய இயலாமல் மங்கலாகத் தெரிந்தால் திகைக்க வேண்டா. யூனிட்டியின் மோனோ முறை ஆண்டிராய்டில் 64 பிட் தருவதில்லை, ஐ.எல்.டூ.சி.பி.பி. முறைக்கு மாற்றினால் வழி திறக்கும். அம்முறை நிரலைச் சி++ மொழிக்கு மாற்றிப் பிறகு இயந்திர மொழியாக்குகிறது. முதன்முறை நெடுநேரம் பிடிக்கும். 30 நிமிடப் பாடவேளையில் அதனைத் தொடங்காதீர்கள்.

மேற்பரப்புப் படங்களுக்கு ஏ.எஸ்.டி.சி. சுருக்கம் பொருந்தும். அது படத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தையும் 16 பைட்டில் அடக்குகிறது. 1024க்கு 1024 அளவுள்ள படம் சுருக்காமல் 4 மெகாபைட் பிடிக்கும். 4×4 கட்டத்தில் 1 மெகாபைட், 8×8 கட்டத்தில் 256 கிலோபைட். இந்தக் கணக்கை ஐந்தாம் ஆண்டு மாணவரே போட்டுவிடுவர். போடச் சொல்லுங்கள்.

அடுத்தது வேகம். நொடிக்கு 72 படம் என்றால் ஒரு படத்தை வரைய ஏறத்தாழ 13.9 மில்லிநொடிதான் உண்டு. அது தவறினால் தலையைத் திருப்பும்போது எரிமலை மேசையை விட்டு வழுகும். பிள்ளைக்குத் தலை சுற்றும். இரு கண்களுக்குமான காட்சியை ஒரே நடையில் வரையும் தெரிவைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மென்னிழலையும் கண்ணைப் பறிக்கும் ஒளிர்வையும் துறந்துவிடுங்கள். போட்டி நடுவரைக் கவர்வதற்காகப் பிள்ளைகளுக்குக் குமட்டல் தருவது எனக்குச் சற்றும் ஒவ்வாத செயல்.

தமிழாசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை. யூனிட்டியில் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, எழுத்துகளைச் சேமிக்கப்பட்ட வரிசையிலேயே அடுக்குகிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "பெண்" என்னும் சொல் சிதையும். எந்தக் கட்டமைப்புத் தெரிவும் இதனைச் சரிசெய்யாது. முதல் நாளிலேயே இச்சொல்லை மட்டும் வைத்து ஒரு சிறு செயலி கட்டி, கருவியில் பாருங்கள்.

இறுதிச் செயலியோடு ஒரு தாளையும் கோப்பில் வையுங்கள். எந்தத் தெரிவை எக்காரணத்தால் செய்தோம், யூனிட்டியின் பதிப்பு எண் எது என்பவற்றை மாணவர்களே தமிழில் எழுதட்டும். அடுத்த ஆண்டுக் குழுவுக்கு அது தேவைப்படும். யூனிட்டி 6இல் அச்சாளரத்தின் பெயரே பில்ட் புரொஃபைல்ஸ் என்றாகிவிட்டது. பழைய காணொளியைப் பார்த்துக்கொண்டு பழைய பெயரைத் தேடுவோர் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.