முட்டைக்கும் வருணாசிரமமா?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாம் ஆரணிக்குப் போயிருந்தோம். ஆரணி என்றவுடன் பட்டுக்குப் பேர்போன ஆரணி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இது திருவள்ளூர் ஜில்லா, பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த ஆரணி. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கின்ற தோழர் ஒருவர் வீட்டில் தங்கினோம். அவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தை பத்து நாள் வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்திருந்தது. கையும் காலும் குச்சியாய் இருந்தன. கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் கொடுப்பதில்லை என்றார்கள்.

“ஒரு முட்டை வேகவைத்துக் கொடுக்கலாமே” என்றோம். வீட்டிலிருந்த பாட்டியம்மாள் பதறிப் போய், “வயிறு கெட்ட பிள்ளைக்கு முட்டையா தம்பி? சூடாச்சே! மாந்தம் வந்திடும்” என்றார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் அந்த அம்மாளே ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு சொம்புப் பால், இரண்டு முட்டை எடுத்துக் கொண்டு புற்றுக்குக் கிளம்பினார்கள். “ஏன் ஆயா, பாம்புக்கு மட்டும் சூடு பிடிக்காதா?” என்று கேட்டோம். “அது சாமி தம்பி” என்று சிரித்துக் கொண்டே போய்விட்டார்கள்.

தோழர்களே! நாம் அந்த அம்மாளைக் குறை கூறவில்லை. பேத்தி மீது அவர்களுக்குள்ள அன்பு நமக்கு இருக்கும் அன்பை விடப் பெரியதே ஆகும். ஆனால் இளைத்த குழந்தையின் வாய்க்குப் போக வேண்டிய முட்டையை மண்ணுக்குக் கொண்டு போய்க் கொட்டும்படி அந்த அன்பைத் திருப்பிவிட்டது எது என்பதுதான் நமது கேள்வி. புற்றைக் கட்டியது கறையான். பாம்பு அதில் குடிக்கூலி இல்லாமல் குடியிருப்பது. பால் பாம்பின் ஆகாரமே அல்ல. ஊற்றிய பால் மண்ணுக்கும், உடைந்த முட்டை எறும்புக்கும், உடையாத முட்டை இரவில் வரும் நாய்க்கும் போகின்றதே ஒழிய, எந்தச் சாமி அதைச் செரித்தது? இது போதாதென்று கண்ணேறு கழிக்க ஒரு முட்டை, செய்வினை எடுக்க ஒரு முட்டை என்று முச்சந்தியில் உடைக்கின்றோம். தெருவுக்கு ஆகும் முட்டை குழந்தையின் வயிற்றுக்கு ஆகாது என்பது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்கின்றோம்.

நிற்க. முட்டை வயிற்றுக்கு ஆகாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

முதலாவது, சூடு என்பது. எந்த டிகிரி சூடு, எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. முட்டை தின்றவனுக்கு உடம்பு காய்வதாகக் கருவி எதுவும் காட்டவில்லை. இரண்டாவது, மலம் கட்டும் என்பது. இதில் கொஞ்சம் உண்மை இருப்பதை நாம் மறைக்கப் போவதில்லை. முட்டையில் நார் என்பது கிடையாது. சோற்றையும் முட்டையையும் மட்டுமே தின்று, தண்ணீரும் குடிக்காமல் இருப்பவனுக்கு மலம் கட்டத்தான் கட்டும். அதற்குப் பரிகாரம் முட்டையைத் தள்ளுவதல்ல. முருங்கைக் கீரையையோ அவரைக்காயையோ கூடச் சேர்த்துக் கொள்வதுதான். மூன்றாவது, வாயு என்பது. முட்டையில் கந்தகம் சேர்ந்த சத்து இருப்பதால் சிலருக்கு வாடை வரும். வாடை வருவது வேறு. ஜீரணம் ஆகாதது வேறு. எண்ணெயில் மிதக்க மிதக்கப் பொரித்துத் தின்றுவிட்டு நெஞ்சு கரிக்கிறது என்பவர்கள் எண்ணெய் மீது போட வேண்டிய வழக்கை முட்டை மீது போடுகின்றார்கள்.

சிலருக்கு, முக்கியமாகச் சில சிறு குழந்தைகளுக்கு, முட்டை ஒவ்வாமல் தடிப்பும் வாந்தியும் வருவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் காட்டித் தள்ளிவைக்க வேண்டியதுதான். ஆனால் ஒருவருக்கு ஒவ்வாததை ஊருக்கே ஆகாதென்று சொல்வது அறிவாகாது. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையைப் பட்டினி போடாதே, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக் கொண்டே வழக்கமான ஆகாரத்தையும் கொடு என்பதுதான் இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை. ஒரு சாதாரண முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கின்றது. மற்ற உணவுகளின் புரதம் எவ்வளவு தரமானது என்று அளப்பதற்கே முட்டையை அளவுகோலாக வைத்திருந்தார்கள் என்றால், இதைக் குழந்தைக்கு மறுப்பது எவ்வளவு பெரிய அநீதி என்று பாருங்கள்.

இனி இதற்கு நேர் எதிரான மூடநம்பிக்கை ஒன்று உண்டு. அது பச்சை முட்டையை உடைத்து அப்படியே விழுங்கினால் பலம் என்பது. விடியற்காலையில் கண்ணை மூடிக் கொண்டு விழுங்குகின்ற இளைஞர்களை நாம் பார்த்திருக்கின்றோம். பெல்ஜியம் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் 1998-இல் இதை மனிதர் குடலிலேயே அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் 100-க்கு 91 பங்கு ஜீரணமாயிற்று. பச்சை முட்டையில் 51 பங்குதான் ஜீரணமாயிற்று. காரணம் எளிது. நெருப்புப் பட்டவுடன் புரதத்தின் முடிச்சு அவிழ்ந்து, குடலின் ஜீரண நீர் வேலை செய்ய வழி கிடைக்கின்றது. அன்றியும் கோழியின் எச்சத்தோடு வருகின்ற சால்மனெல்லா என்னும் கிருமி, வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்குவது, நன்றாக வேகவைத்தால் செத்துப் போகும். பச்சையாய் விழுங்குகிறவன் பாதிப் புரதத்தை வீணாக்கிக் கிருமியையும் சேர்த்து விழுங்குகின்றான். இதற்குப் பலம் என்று பெயர் வைத்திருக்கின்றோம்!

இப்போது நமது தலைப்புக்கு வருவோம். கடைக்குப் போனால் முட்டையிலும் ஜாதி இருக்கின்றது. வெள்ளை முட்டை கீழ் ஜாதி. பழுப்பு முட்டை மேல் ஜாதி. அதற்குப் பேர் நாட்டு முட்டை. அதற்கு விலை இரண்டு பங்கு. எதனால் உயர்வு என்று கேட்டால், அது பிறந்த குலம் அப்படி என்கின்றார்கள். பிறப்பினால் உயர்வு என்ற புரட்டை மனிதனிடம் ஒழிக்கப் புறப்பட்ட நமது தோழர்களே கடைத்தெருவில் அந்தப் புரட்டுக்குக் காசு கொடுத்து வருகின்றார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. உள்ளிருக்கும் சத்தை அது காட்டுவதில்லை. பழுப்பு ஓடு போடுகின்ற பண்ணைக் கோழி இனங்களும் இருக்கின்றன. மஞ்சள் கருவின் நிறமோ கோழி தின்ற தீனியைப் பொறுத்தது. சோளமும் பச்சிலையும் தின்றால் நிறம் ஏறும். ஆகவே நிறத்தைப் பார்த்துக் காசு கொடுப்பது பூணூலைப் பார்த்துக் கும்பிடு போடுவதற்கு ஒப்பாகும்.

“மேய்ந்து தின்கிற கோழி ஆயிற்றே, சுத்தமாயிற்றே” என்று கேட்கலாம். எங்கே மேய்கின்றது என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம். கோழி மண்ணைக் கிளறித் தின்னும் பிராணி. மண்ணில் என்ன இருக்கின்றதோ அது முட்டைக்குள் வரும். கேரளத்தில் பெரியாற்றங்கரையில் ஏலூர் என்னும் தொழிற்சாலைப் பகுதியில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்து 2005-இல் வெளியிட்ட அறிக்கையில், டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் வரம்புக்கு மேல் இருந்ததாகக் கண்டிருக்கின்றது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றி இரும்பு உருக்கும் உலைகள் இருக்கின்றன. சாம்பல் மேட்டிலும் குப்பை எரித்த இடத்திலும் மேய்கின்ற கோழி, நாட்டுக் கோழி என்ற பேரினாலேயே சுத்தமாகிவிடுமா? நல்ல மண்ணில் மேய்ந்தால் நல்ல முட்டை. கெட்ட மண்ணில் மேய்ந்தால் கெட்ட முட்டை. இந்தப் பக்கத்து மண்ணையும் முட்டையையும் எடுத்துச் சோதித்து முடிவை ஊரறிய வெளியிடும்படி சர்க்காரைக் கேட்பதுதான் ஆரணிக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை.

அதற்காகப் பண்ணை முட்டைக்கு நாம் வக்காலத்து வாங்குவதாகவும் நினைக்க வேண்டாம். மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி கொழுப்பதற்காகத் தீனியில் கலந்து வந்ததை இந்திய சர்க்கார் 2019-இல் தான் தடுத்தார்கள். லாபம் ஒன்றையே பார்க்கும் முதலாளிக்குக் கோழியும் ஒன்றுதான், கோழியைத் தின்பவனும் ஒன்றுதான். ஆகவே எந்த முட்டையையும் பேரைக் கேட்டு நம்பாமல் பரீட்சித்து வாங்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

பரீட்சைக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. விரிசல் விட்ட முட்டையையும் எச்சம் அப்பிய முட்டையையும் வாங்காதீர்கள். வெயிலில் அடுக்கி வைத்த கடையில் வாங்காதீர்கள். இருட்டில் டார்ச்சு விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தால், மொண்ணை முனையில் காற்றறை தெரியும். அது சிறிதாக இருந்தால் புதிது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துவாரங்கள் உண்டு. நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் அவற்றின் வழியாக வெளியேறிக் காற்று உள்ளே புகும். அதனால்தான் தண்ணீரில் போட்டால் புதிய முட்டை அடியில் படுத்துவிடும். பழையது குத்திட்டு நிற்கும். மிதப்பதை எறிந்துவிட வேண்டும். ஆனால் இந்தச் சோதனை வயதைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. அதற்கு நெருப்பு ஒன்றுதான் மருந்து. வாங்கி வந்தவுடன் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலிருக்கும் காப்புப் படலம் போய்விடும். வேகவைக்கப் போகும்போது கழுவினால் போதும். கொதிக்கும் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகட்டும். ஒரு வாரத்துக்கு வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு வாங்கி அடுக்காதீர்கள்.

இந்த முட்டைக்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கின்றது. 1920-இல் நீதிக்கட்சியைச் சேர்ந்த தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்கத் தீர்மானித்தது. 1956-இல் காமராசர் அதை நாடெங்கும் விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. அது 2010-இல் வாரத்துக்கு அய்ந்து முட்டை ஆயிற்று. வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. யார் வாயிலும் யாரும் திணிக்கவில்லை.

மற்ற இடங்களில் நடப்பதைப் பாருங்கள். 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதல் மந்திரியே மறுத்துவிட்டார். 2021-இல் கருநாடகத்தில் பள்ளிக்கூடத்தில் முட்டை கொடுத்ததற்கு மடாதிபதிகள் சிலர் எதிர்ப்புக் காட்டினார்கள். மடத்தில் நெய்யும் பாலும் முந்திரியும் உண்டு வயிறு வளர்ப்பவர்களுக்குக் கூலிக்காரன் பிள்ளையின் தட்டிலிருக்கும் ஒரு முட்டை உறுத்துகின்றது! உயிர்க்கொலை என்கின்றார்கள். சேவல் சேராமல் பண்ணையில் இடுகின்ற முட்டையில் குஞ்சே கிடையாது. இல்லாத உயிருக்கு அழுகின்றவர்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் இளைத்த உயிருக்கு ஏன் அழவில்லை?

ஆரணி வீட்டுக்குத் திரும்புவோம். அந்தத் தோழர் வீட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. இரண்டு, பாட்டியம்மாள் இரண்டு பங்கு விலை கொடுத்து வாங்கிய நாட்டு முட்டை. இரண்டு, சாதாரண வெள்ளை முட்டை. நான்கையும் ஒரு குண்டானில் தண்ணீர் ஊற்றி அவர்கள் கையாலேயே போடச் சொன்னோம். வெள்ளை இரண்டும் அடியில் படுத்தன. பழுப்பில் ஒன்று படுத்தது. ஒன்று குத்திட்டு நின்றது. எப்போதும் இப்படித்தான் ஆகும் என்று நாம் சொல்லவில்லை. வேறொரு நாள் வெள்ளை முட்டை நின்றிருக்கலாம். பேரும் நிறமும் பொய் சொல்லும், தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதைத்தான் சொன்னோம். பாட்டியம்மாள் நெடுநேரம் குண்டானையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, “அதுல ஒண்ண வேகப்போடு, பாதி குடுத்துப் பார்க்கலாம்” என்றார்கள்.

பத்து நாள் கழித்துத் தோழரைக் கேட்டோம். மாந்தம் வரவில்லை, குழந்தை இப்போது முழு முட்டை தின்கிறது என்றார். இதை நாம் அத்தாட்சியாகக் காட்ட வரவில்லை. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லி ஊரை நம்ப வைப்பது சாமியாடியின் வேலை. நாம் சொன்னதையும் நம்ப வேண்டாம். குண்டான் உங்கள் வீட்டில் இருக்கின்றது, தண்ணீர் இருக்கின்றது, அடுப்பு இருக்கின்றது. சோதித்துப் பாருங்கள். அடுத்த ஆடி வெள்ளியில் புற்றுக்குப் புறப்படுகின்ற தட்டு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன், வீட்டிலுள்ள குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு முட்டை யாருக்கு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.