மறதி மருந்தல்ல

"பழசைக் கிளறிப் பிள்ளையளைக் குழப்பாதேங்கோ." மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வீதியில் எம்மவர் சிலர் வழங்கும் புத்திமதி இது. நாம் இதை ஏற்கவில்லை.

2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் சக்திதரனின் 'கவுண்டிங் அன்ட் கிராக்கிங்' மேடையேறியது. 1956 முதல் 2004 வரை நீளும், நாலு தலைமுறைக் குடும்பக் கதை. தாயின் சாம்பலை ஜோர்ஜஸ் ஆற்றில் கரைக்கும் ராதா, ஊர் நினைவும் அதோடு கரைந்ததென எண்ணுகிறாள். கொழும்பிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பு அந்த எண்ணத்தை உடைக்கிறது. மகனுக்குத் தெரிந்ததோ அரைகுறை.

பிள்ளைகளைக் குழப்புவது பழங்கதையல்ல, இந்தப் பாதிக்கதைதான். தாய் ஊரைப் பற்றிப் பேச மறுத்ததாலேயே தேடப் புறப்பட்டவர் இந்நாடகாசிரியர். மௌனம் எதையும் மூடவில்லை.

நாடகம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் 1983 ஜூலையை எம் பிள்ளை ரிக்கற் வாங்கித்தானா முதன்முதலில் அறியவேண்டும்? அரங்கேற்றத்துக்கு டொலரைக் கொட்டுபவர்களுக்குச் சாப்பாட்டு மேசையில் அரைமணி நேரம் பேச என்ன தயக்கம்?

நாம் மறந்தால் ஆறுதல் எமக்கல்ல, எரித்தவனுக்கே.