மெருகுக்கு முன்னால்

உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே விடைபெற்றது. ஆனாலும் செகந்திராபாத்தின் மெட்டுகுடா போன்ற பகுதிகளில் பழைய காரை விற்க மனமில்லாதவர்கள் உண்டு. பட்டறைக் கூலிக்கு அஞ்சி, வீட்டு வாசலிலேயே பெயின்ட் அடிக்கத் துணிபவர்களும் உண்டு.

பெயின்ட் அடிப்பது கடைசி வேலை. முதலில் சோப்பு நீரில் கழுவி, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். துருவை, தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். பள்ளங்களில் பட்டி, அது காய்ந்ததும் 180, பிறகு 320 எண் உப்புத்தாள். வெறும் தகட்டுக்கு அன்றே பிரைமர். பிரைமர் ஈரம் இழுக்கும். உள்ளே மீண்டும் துரு பிடிக்கும். மழைக்காலம் இதற்கு ஆகாது.

பெரிய ஆபத்து தூளில் இருக்கிறது. பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயின்டுகளில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு அமலுக்கு வந்ததே 2017இல்தான். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். எனவே பழைய பூச்சைத் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். கசடை வழித்தெடுத்து, தகட்டை உடனே உலர்த்த வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை போதாது. வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும்.

காரின் பளபளப்புக்கு வாசலில் விளையாடும் பிள்ளை விலை கொடுக்கக் கூடாது.