ஏழைக்குச் சட்டம், செல்வனுக்குச் சந்தை!

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நிலையாகக் குடியேறும் தொழிலாளி, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தேட வேண்டியதில்லை. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம் வழிகாட்டிவிட்டது. பெற்றோரில் ஒருவர் கனடாவில் ஆங்கில வழியில் தொடக்கக் கல்வி பெற்றிருந்தாலொழிய, பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிதான்!

இதைக் கொடுமை என்போமா? மாட்டோம். ஆங்கிலக் கடல் நடுவே தம் மொழி காக்க ஓர் இனம் எழுப்பிய அணை அது. குடிபுகுந்தோர் பிள்ளைகளும் அம்மொழி கற்றால், அந்த மண்ணில் தலைநிமிர்ந்து வேலை கேட்கலாம்.

ஆனால் அணையிலே ஓர் ஓட்டை! அரசின் மானியம் பெறாத தனியார் ஆங்கிலப் பள்ளிகளை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. பணம் படைத்தவன் விரும்பிய கல்வியை விலைக்கு வாங்குகிறான். உழைப்பவன் மட்டும் சட்டத்துக்குத் தலைவணங்குகிறான். மொழி காக்கும் கடமை ஏழையின் தோளுக்கு மட்டுந்தானா? இது எந்த ஊர் நீதி என்று கேட்கிறோம்!